டொலரில் வரும் லைசன்ஸ், ஊரில் இல்லாத ஆள்: தரவுத்தளத்தைத் தெரிவுசெய்வது எப்படி?

திருகோணமலையில் தரவுத்தளம் வாங்கவென்று யாரும் கடைக்குப் போவதில்லை. பில் போடும் மென்பொருள் வாங்குகிறார்கள், ஹொட்டேல் அறைப் பதிவுக்கு ஒன்று வாங்குகிறார்கள், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்குக்கு ஒன்றை எழுதுவிக்கிறார்கள். தரவுத்தளம் அதற்குள் ஒளிந்துகொண்டு வந்துவிடுகிறது. கிண்ணியாவில் சீமெந்தும் கம்பியும் விற்கும் ஒரு முதலாளியிடம் "உங்களிடம் இருப்பது எந்தத் தரவுத்தளம்?" என்று கேட்டால், மென்பொருளைப் போட்டுத் தந்த பொடியனின் பெயரைத்தான் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் கடையின் பல வருடக் கடன் பாக்கி, சரக்கு இருப்பு, யார் எப்போது எவ்வளவு கட்டினார் என்ற விவரம் எல்லாம் இருப்பது அந்தப் பெயர் தெரியாத பெட்டிக்குள்தான்.

தெரிவு என்ற கேள்வி பிறகுதான் எழும். இலவசப் பதிப்பின் கொள்ளளவு நிரம்பி ஒருநாள் காலையில் பில் போட முடியாமல் போகும்போது எழும். எழுதித் தந்தவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விட்டு, வட்ஸ்அப்பில் பதில் வராதபோது எழும். அல்லது புதிதாக ஒன்றுக்கு விலை கேட்கையில், ஒருவர் "ஒராக்கிள் போடுவம் ஐயா, அதுதான் பாதுகாப்பு" என்பார். மற்றவர் "போஸ்ட்கிரெஸ் காணும், அது சும்மா கிடைக்கும்" என்பார். இரண்டும் தரவுத்தளங்களின் பெயர்கள்.

அந்த நேரத்தில் ஒப்பீட்டு அட்டவணைகளைத் தேடிப் படிப்பதால் பெரிய பயனில்லை. அவை வேகத்தையும் வசதிகளையும் எண்ணிக்கொண்டிருக்கும். நமது ஊரில் இரண்டு விடயங்களைப் பார்த்தாலே முக்கால்வாசி முடிவு வந்துவிடும்: பில் எந்த நாணயத்தில் வருகிறது, அமைப்பு விழுந்தால் எழுப்பக்கூடிய ஆள் எங்கே இருக்கிறார். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், புதிதாக எழுதப்படும் எதையும் போஸ்ட்கிரெஸில் தொடங்குவதுதான் நியாயம் என்பது என் எண்ணம். விதிவிலக்குகள் உண்டு. அவை சில்லறை விதிவிலக்குகளும் இல்லை.

எங்கிருந்து வந்தவை

"காசு கொடுத்து வாங்குவது தரமானது, இலவசம் பொழுதுபோக்குக்கு எழுதியது" என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அட்டவணைகளாகத் தரவை வைத்து, உறவுகள் மூலம் கேள்வி கேட்கும் முறையை 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட். அதை நடைமுறைப்படுத்த ஐபிஎம் உள்ளே 'சிஸ்டம் ஆர்' என்ற ஆய்வுத் திட்டம் நடந்தது. அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வோங்கும் 'இங்கிரெஸ்' என்ற அமைப்பைக் கட்டினார்கள். ஐபிஎம் சந்தைக்கு வரத் தயங்கிக்கொண்டிருக்க, லாரி எலிசனும் நண்பர்களும் தொடங்கிய சிறு நிறுவனம் 1979இல் ஒராக்கிளை விற்கத் தொடங்கிவிட்டது.

இங்கிரெஸ் அணியில் இருந்த பொப் எப்ஸ்டைன் பின்னர் சைபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர் பிறந்தது அந்தச் சைபேஸின் நிரலில் இருந்துதான். ஸ்டோன்பிரேக்கரோ 1986இல் இங்கிரெஸுக்கு அடுத்ததாக 'போஸ்ட்கிரெஸ்' திட்டத்தை ஆரம்பித்தார். 1996இல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. ஆகவே ஊர்க் கடைகள் பலவற்றில் இருக்கும் எஸ்கியூஎல் சேர்வரும் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸும் ஒரே ஆய்வுகூடத்தின் வழிவந்தவை. மைஎஸ்கியூஎல் மட்டும் வேறு வழி: 1995இல் சுவீடனில், இணையத்தளங்களுக்குத் தோதாக எழுதப்பட்டது.

பில் எப்படி வளர்கிறது

வர்த்தகத் தரவுத்தளத்தின் விலையைக் கேட்டால் ஒரே பதிலாக வராது. கணினியில் எத்தனை செயலிக் கருக்கள் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எத்தனை பயனர்கள், எந்தப் பதிப்பு, எந்த மேலதிக வசதி என்று பின்னிப்பின்னிப் போகும். விற்பவருக்கே சில நேரம் குழம்பும்.

ஒராக்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு 'புரொசசருக்கு' 47,500 டொலர். சாதாரண இன்டெல் கருக்களில் இரண்டை ஒரு புரொசசராக எண்ணுவார்கள். எட்டுக் கருக்கள் உள்ள, பெரிதென்று சொல்ல முடியாத ஒரு சேர்வர் என்றால் நான்கு புரொசசர், 190,000 டொலர். இதன் மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம், அதாவது 41,800 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், வாங்க 5 கோடியே 70 இலட்சம், பிறகு வருடத்துக்கு ஒன்றேகால் கோடி. பட்டியல் விலையை அப்படியே கொடுப்பவர்கள் குறைவு. பேரம் பேசிக் குறைப்பார்கள். ஆனாலும் அளவு புரியும். சின்ன இடங்களுக்கென 'ஸ்டாண்டர்ட் எடிஷன் 2' இருக்கிறது. கருக்களை எண்ணாமல் செயலிப் பொருத்துமிடத்துக்கு 17,500 டொலர். இரண்டு பொருத்துமிடத்துக்கு மேல் உள்ள சேர்வரில் போட முடியாது.

எஸ்கியூஎல் சேர்வர் இதைவிட மலிவு. 2022 பதிப்பின் ஸ்டாண்டர்ட் வகைக்கு இரண்டு கருக்கள் கொண்ட பொதி 3,945 டொலர். எட்டுக் கருவுக்கு நான்கு பொதி, 15,780 டொலர், ஏறத்தாழ 47 இலட்சம் ரூபாய். பயனர்கள் குறைவென்றால் இன்னொரு வழி: சேர்வருக்கு ஏறத்தாழ 1,000 டொலரும் ஆளுக்கு 200 டொலருக்குச் சற்று மேலும் கட்டலாம். பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு இது ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம் ரூபாய் வரும். கொடுக்க முடியாத தொகையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாங்கும் நாளில் தெரிந்த விலை அடுத்த வருடமும் அதே விலையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் ஒப்பந்தம் போட்டவரின் பராமரிப்புக் கட்டணம் ஒரு பைசா ஏறாமலே, ரூபாயில் முக்கால் மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதே மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹொட்டேல்களில் வெளிநாட்டார் வரவு குறைந்து அறைகள் காலியாகக் கிடந்தன. வருமானம் ரூபாயில், செலவு டொலரில் என்றால் பிடி எங்கே இறுகும் என்று அந்த வருடம் எல்லோருக்கும் காட்டியது.

லைசன்ஸில் இன்னும் நுணுக்கமான பொறிகள் உண்டு. ஒராக்கிளின் என்டர்பிரைஸ் பதிப்பை நிறுவும்போது, வேகக் கோளாறுகளை ஆராயும் கருவிகளும் கூடவே வந்துவிடும், இயங்கத் தயாரான நிலையில். அவற்றுக்குத் தனி லைசன்ஸ் வேண்டும். பொறுப்பாளர் தெரியாமல் ஓர் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பயன்படுத்திய தடயம் உள்ளே பதிவாகும். ஒராக்கிளில் இருந்து லைசன்ஸ் கணக்காய்வுக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். மெய்நிகர்க் கணினிகளிலும் இதே கதை: ஒரு பெரிய சேர்வரை மென்பொருளால் கூறுபோட்டு, ஒரு சிறு கூறில் மட்டும் ஒராக்கிளை ஓட்டினாலும், பெரும்பாலான முறைகளில் முழுச் சேர்வரின் கருக்களுக்கும் பணம் கேட்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. இதையெல்லாம் வாசித்துப் புரிந்துகொள்ளவே கொழும்பில் சில பெரிய நிறுவனங்கள் தனி ஆட்களை வைத்திருக்கின்றன. மூதூரில் ஒரு அரிசி ஆலைக்காரர் என்ன செய்வார்?

'இலவசப் பதிப்பு' ஒன்று இருக்கிறதே என்பீர்கள். ஆம், ஊர்க் கடைகள் பலவற்றில் இருப்பது அதுதான்: எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ். 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது, நான்கு கருக்களுக்கு மேல் எடுக்காது, நினைவகத்திலும் ஏறத்தாழ ஒன்றரை ஜிபிக்குள்தான் தரவை வைத்து வேலை பார்க்கும். கடைப் பில்லுக்கு 10 ஜிபி பல வருடங்களுக்குக் காணும். பொருட்களின் படத்தையும் உள்ளே போட ஆரம்பித்தால் காணாது.

எக்ஸ்பிரஸில் எனக்குக் கவலை தருவது கொள்ளளவைவிட வேறொன்று. குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாகச் செய்யும் 'ஏஜென்ட்' அதில் இல்லை. அதாவது, இரவு பத்து மணிக்குத் தானாக பேக்கப் எடு என்று அதற்குள்ளேயே சொல்லிவைக்க முடியாது. விண்டோஸின் பணி அட்டவணையில் தனியாக எழுதி வைக்க வேண்டும். நிறுவித் தந்தவர் அதை எழுதாமல் விட்டால், அந்தக் கடைக்கு பேக்கப்பே இல்லை. தெரியவரும் நாள் வன்தட்டு போகும் நாளாக இருக்கும்.

திறந்த மூலம் எல்லாம் ஒன்றல்ல

திறந்த மூலம் என்றால், நிரலை யாரும் எடுத்துப் பார்த்து, மாற்றி, பயன்படுத்த விடுவது. இந்த இலவசத் தரப்பிலும் நுணுக்கங்கள் இருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது நிரல் திறந்திருக்கிறதா என்பதோடு, அதற்கு முதலாளி யார் என்பதையும்.

மைஎஸ்கியூஎல்லை 2008இல் சன் நிறுவனம் 100 கோடி டொலருக்கு வாங்கியது. 2010இல் சன்னையே ஒராக்கிள் வாங்கியது. உலகின் மிகப் பிரபலமான திறந்த மூலத் தரவுத்தளம், உலகின் மிகப் பெரிய வர்த்தகத் தரவுத்தள நிறுவனத்தின் கைக்குப் போனது இப்படித்தான். போகப்போகிறது என்று தெரிந்தவுடனே, மைஎஸ்கியூஎல்லை எழுதியவர்களில் ஒருவரான மைக்கல் விடேனியஸ் அதே நிரலை எடுத்து 2009இல் மரியாடிபி என்று கிளை பிரித்தார். அவரது மூத்த மகளின் பெயர் மை, இளைய மகளின் பெயர் மரியா. இரண்டு தரவுத்தளங்களுக்கும் பெயர் வந்த வழி அது. கிளை பிரிக்க முடிந்ததே திறந்த மூலத்தின் பலம். ஒராக்கிள் அதன் பிறகும் மைஎஸ்கியூஎல்லை நன்றாகவே வளர்த்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

ஒரே நிறுவனம் சொந்தம் கொண்டாடும் திட்டங்களில் லைசன்ஸ் ஒருநாள் மாறலாம். மொங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018இல் மாற்றியது. ரெடிஸ் என்ற இன்னொன்று 2024 மார்ச்சில் மாற்றியது. சில நாட்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை பிறந்தது. அடுத்த வருடம் ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த மூல லைசன்ஸுக்குத் திரும்பியது. போஸ்ட்கிரெஸுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பல நாடுகளின் பல நிறுவனங்களில் இருந்து ஆட்கள் சேர்ந்து எழுதும் திட்டம் அது. மொத்தமாக விலைபேச ஒரு முதலாளி இல்லை. வருடம் ஒரு பெரிய பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடம் திருத்தங்கள் வரும். மாற்றி எழுதி, பெட்டியில் போட்டு, மூல நிரலைக் காட்டாமல் விற்றாலும் லைசன்ஸ் தடுக்காது.

கடைசியாகச் சொன்னது ஊரில் மென்பொருள் எழுதி விற்பவர்களுக்கு முக்கியம். மைஎஸ்கியூஎல்லின் லைசன்ஸ் வேறு விதம். அதை உங்கள் மூடிய மென்பொருளோடு ஒரே பொதியாகக் கட்டி விற்றால், உங்கள் நிரலையும் திறக்கச் சொல்லும் நிபந்தனை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி வரும். அதைத் தவிர்க்க ஒராக்கிளிடம் வர்த்தக லைசன்ஸ் வாங்கலாம். இணையத்தளத்துக்குப் பயன்படுத்துபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே கணினியில் ஓடும் சின்ன மென்பொருள் என்றால் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். அது பொது உடைமை; லைசன்ஸே கிடையாது. உங்கள் கைபேசிக்குள்ளும் அது இருக்கிறது.

விழுந்தால் எழுப்புவது யார்

வர்த்தகத் தரவுத்தளத்துக்காகப் பேசுபவர்கள் எப்போதும் சொல்வது: "பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு கொம்பனி இருக்கிறது." உண்மைதான். ஆனால் அந்தக் கொம்பனி திருகோணமலைக்கு வராது. நீங்கள் ஒரு முறைப்பாட்டைப் பதிவீர்கள். எங்கோ இருக்கும் பொறியியலாளர் இந்தக் கோப்பை அனுப்புங்கள், இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள் என்பார். அந்தக் கோப்பை எடுத்து அனுப்பத் தெரிந்த ஆள் உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் அந்த 22 சதவீதப் பராமரிப்புக் கட்டணத்துக்குப் பெறுமதி வரும். ஆள் இல்லாதவருக்கு அது வெறும் தொலைபேசி இலக்கம். போஸ்ட்கிரெஸுக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் பணம் பெற்று இதே சேவையைத் தரும் நிறுவனங்கள் உண்டு. அந்த வகையில் இரு தரப்பும் சமம்.

ஆகவே கேள்வி ஆளைப் பற்றியது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து வெளிவருபவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்களில் பலர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒருவர் போனால் அடுத்தவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தன் மடிக்கணினியில் இலவசமாக இறக்கி முழுதாகப் பழகக்கூடிய ஒன்றை அறிந்த பிள்ளைகள் எப்போதும் அதிகம் இருப்பார்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் அப்படி. எஸ்கியூஎல் சேர்வரும் இந்த விடயத்தில் மோசமில்லை: டெவலப்பர் பதிப்பு இலவசம், அதை நிர்வகிக்கும் வரைகலைக் கருவி உண்மையிலேயே நல்லது. சின்ன இடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கட்டளை தட்டாமல் பல காரியங்களை அதில் முடித்துவிடலாம். ஒராக்கிளைச் சரியாக நிர்வகிக்கத் தெரிந்தவர் தனித் தொழிலாளர், சம்பளமும் அப்படித்தான்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன நாடு இது. நடுவழியில் மின் போனால் தரவு கெடுமா? இன்றைய பெரிய தரவுத்தளங்கள் எல்லாம், மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி உறுதிசெய்த பிறகே அட்டவணையில் எழுதுகின்றன. மின் வந்ததும் பதிவேட்டைப் பார்த்துத் தாமே சரிசெய்துகொள்ளும். வர்த்தகம், திறந்த மூலம் என்ற வேறுபாடு இதில் இல்லை. விதிவிலக்கு மைஎஸ்கியூஎல்லின் பழைய 'மைஐசாம்' முறை. அதற்கு அந்தப் பதிவேடு கிடையாது, மின் போனால் அட்டவணை உடையலாம். 2010இல் வந்த 5.5 பதிப்பில் இருந்து 'இன்னோடிபி' இயல்பாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னர் எழுதிய மென்பொருளை இன்னும் ஓட்டுபவர்கள் உண்டு. உங்கள் கடையில் மின் போகும் ஒவ்வொரு முறையும் யாராவது வந்து அட்டவணையைத் 'ரிப்பேர்' செய்தால், காரணம் இதுவாக இருக்கலாம். மலிவான வன்தட்டுகள் இன்னொரு ஆபத்து. எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும் தட்டுக்கு முன்னால் எந்தப் பதிவேடும் நிற்காது. முதல் செலவு ஒரு நல்ல யூபிஎஸ்.

இரண்டாவது செலவு பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் நேரம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகக் கணிமை (அரச அலுவலகங்கள் இணையம்வழி பகிர்ந்துகொள்ளும் சேர்வர்கள்) மீது பணயத்தாக்குதல், அதாவது தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல், நடந்தது. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையானவை போயின. அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. ஓடியது காலாவதியான பதிப்பு ஒன்று, அதுவும் ஒரு வர்த்தக மென்பொருள். பெரிய பெயர் வாங்கினால் பேக்கப் தானாக வந்துவிடாது. போஸ்ட்கிரெஸிலும் வராது.

தமிழ்ப் பெயர்கள் உள்ளே போகும்போது

இந்தப் பகுதி ஒப்பீட்டுக் கட்டுரைகளில் வருவதில்லை. நமக்கோ முதல் நாளே இதில்தான் இடிக்கும்.

எஸ்கியூஎல் சேர்வரில் எழுத்துக்களை வைக்க இரண்டு வகை நிரல்கள் (இங்கே நிரல் என்பது அட்டவணையின் நெடுக்குப் பத்தி) உண்டு. பழைய வகையைப் போட்டுவிட்டால், தமிழில் தட்டிய பெயர் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். திரும்ப எடுக்கவே முடியாது. ஒருங்குறி (யூனிகோட்) வகையைப் போட வேண்டும், கட்டளைக்குள் எழுதும் சொல்லுக்கு முன்னாலும் அதற்குரிய குறியைப் போட வேண்டும். 2019 பதிப்பில் இருந்து இன்னொரு வழியும் வந்தது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எழுத்துமுறை 2018இல் வந்த 8.0 பதிப்பு வரை ஐரோப்பிய எழுத்துக்களுக்கானது. அதற்கு முன்னர் 'யூடிஎஃப்8' என்ற ஒருங்குறி முறையாக அது சொன்னது ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டுகளோடு நின்றுவிடும். தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்கும், தப்பித்தோம். ஆனால் உப்புவெளி ஹொட்டேலில் ஒரு விருந்தினர் தன் கருத்தோடு ஒரு சிரிப்புமுகத்தைப் போட்டால் பதிவு இடறும். ஒராக்கிளின் சாதாரண எழுத்து நிரல் 4,000 பைட் கொள்ளும். ஆங்கிலத்தில் அது 4,000 எழுத்து. தமிழில் குறியீடுகளே 1,333தான் வரும். 'கோ' போன்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடு போய்விடும்.

அகர வரிசை அடுத்த தொல்லை. ஒருங்குறி அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன் பிறகே வ. அந்த எண் வரிசையில் அடுக்கும் அமைப்பில் 'பழனி' முன்னாலும் 'பவானி' பின்னாலும் வரும்; 'மனோகரன்' வந்த பிறகே 'மயூரன்' வருவார்; 'ஜெகன்' சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நிற்பார். சங்க உறுப்பினர் பட்டியலைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் தலைவர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் இருந்து, அந்த நிரலுக்கு மட்டும் தமிழ் ஒழுங்கு வேண்டும் என்று கேட்கலாம். மற்றவற்றிலும் வழி உண்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே அட்டவணையில் இருக்கும் இடத்தில் நிரலுக்கு நிரல் ஒழுங்கை மாற்ற முடிவது பெரிய வசதி.

இன்னும் ஒன்று: 'கோணேஸ்வரன்' என்ற பெயரின் முதல் எழுத்தை ஒரு விசைப்பலகை இரண்டு குறியீடுகளாகவும் இன்னொன்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. 'ஸ்ரீ'யிலும் இதே கூத்து. முதல் வகையைச் சீர்செய்ய போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பில் இருந்து உள்ளேயே ஒரு செயற்பாடு இருக்கிறது. அப்படி ஒன்று இல்லாதவற்றில் மென்பொருள் எழுதுபவர் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஸ்ரீ'யை எல்லா இடத்திலும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அப்புறம் பழைய தரவு. பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகத்தான் கிடக்கின்றன. எந்தத் தரவுத்தளத்துக்கு மாறினாலும் முதலில் அவற்றை ஒருங்குறியாக்க வேண்டும். விலைமதிப்பீடு கேட்கும்போது இந்த வேலையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதியில் தகராறு வரும்.

வேகம்? ஊர் அளவிலான எந்த வேலைக்கும் இவை எல்லாமே மிதமிஞ்சிய வேகம். மெதுவாக இருந்தால் பெரும்பாலும், தேடலை விரைவாக்கும் சுட்டு அட்டவணை போடாததுதான் காரணம்.

ஏற்கெனவே நடந்தவை

திறந்த மூலத்தை நம்பிப் பெரிய வேலை செய்ததற்கு இலங்கையிலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிய இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களில் 'சஹானா'வை எழுதினார்கள். அடியில் இருந்தது மைஎஸ்கியூஎல். லைசன்ஸுக்குக் கேள்விப்பத்திரம் கோரிக்கொண்டிருந்தால் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் அது என்றைக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2020 ஜனவரியில், கொரோனாவைக் கண்காணிக்க இலங்கைச் சுகாதார அமைச்சு 'டிஎச்ஐஎஸ் 2' என்ற திறந்த மூல அமைப்பில் ஒரு பதிவு முறையைக் கட்டியது. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. அதன் அடியில் ஓடுவது போஸ்ட்கிரெஸ்.

வர்த்தகத் தரவுத்தளம் சரியான தெரிவாகும் இடங்களும் இருக்கின்றன. வங்கியின் மையக் கணக்கு முறையோ பெரிய தொழிற்சாலையின் முழு நிர்வாக மென்பொருளோ ஒரு குறிப்பிட்ட தரவுத்தளத்தில் மட்டும் ஓடும் என்று அதைத் தயாரித்தவர் எழுதிக் கொடுத்திருந்தால், வாதாட ஒன்றுமில்லை, வாங்கத்தான் வேண்டும். பல சேர்வர்கள் ஒரே தரவைப் பகிர்ந்து, ஒன்று விழுந்தாலும் நிற்காமல் ஓட வேண்டிய இடத்தில் ஒராக்கிளின் கொத்துமுறை இன்னும் பலமானது. ஏற்கெனவே எல்லாம் மைக்ரோசொப்டில் ஓடும் அலுவலகத்துக்கு எஸ்கியூஎல் சேர்வர் இயல்பாகப் பொருந்தும்.

ஒரு முறை உள்ளே போனால் வெளியே வருவது கடினம் என்பதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். அட்டவணைகளை மாற்றுவது சுலபம். அதற்கென இலவசக் கருவிகள் உண்டு. தரவுத்தளத்துக்குள்ளேயே, அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் எழுதி வைத்த நிரல்கள்தான் காலைப் பிடிக்கும். ஒராக்கிளுக்கு வெற்று எழுத்துச்சரமும் 'தகவல் இல்லை' என்பதும் ஒன்று. போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. இப்படிச் சின்னச் சின்ன வித்தியாசங்களைத் தேடித் திருத்தியே மாதங்கள் போகும். பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத அமேசன் நிறுவனமே தன் ஒராக்கிள் தரவுத்தளங்களை விட்டு வெளியேறப் பல வருடம் எடுத்தது. ஏறத்தாழ 7,500 தரவுத்தளங்கள், 75 பெட்டாபைட். 2019 ஒக்டோபரில்தான் முடிந்தது. மேகத்துக்குப் போனால் எல்லாம் தீரும் என்று நினைக்கவும் வேண்டாம். அங்கே போஸ்ட்கிரெஸை வாடகைக்கு எடுத்தாலும் மாத பில் மறுபடி டொலரில்தான் வரும்.

ஊர் அளவுக்குச் சொன்னால் என் கணக்கு இது. பத்துப் பன்னிரண்டு அறை உள்ள தங்குமிடம் தரவுத்தளத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தரவை முழுதாக ஏற்றுமதி செய்ய விடும் ஒரு பதிவுச் சேவையைப் பார்த்து எடுக்கலாம். எக்ஸ்பிரஸில் நன்றாக ஓடும் கடை அப்படியே இருக்கட்டும். பேக்கப் அட்டவணையைப் போட்டு, பழைய வருடங்களைத் தனியாக ஒதுக்கினால் 10 ஜிபி இன்னும் நெடுங்காலம் தாங்கும். கூட்டுறவுச் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ மருத்துவ நிலையமோ புதிதாக எழுதுவித்தால் போஸ்ட்கிரெஸ். லைசன்ஸில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, மாதம் ஒரு தடவை வந்து பேக்கப்பை வேறு கணினியில் மீட்டுக் காட்டும் ஆளுக்குக் கொடுங்கள். நோயாளர் விவரம் வைத்திருப்பவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுத வேண்டியது தரவுத்தளத்தின் தலைமைக் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பது. அது எழுதித் தந்தவரிடம் மட்டும் இருந்தால், திறந்த மூலமும் பூட்டிய பெட்டிதான். மூடி உறையிட்டு சங்கச் செயலாளரிடமோ முதலாளியின் இரும்புப்பெட்டியிலோ இருக்கட்டும்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கையை வைக்காதீர்கள். வாடைக்காற்று அடிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அறைகள் காலியாக இருக்கும், அப்போது செய்யலாம், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. கிண்ணியாக் கடைகளுக்கு நோன்பு மாதம் வேண்டாம், நகரக் கடைகளுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்கள் வேண்டாம். பழையதையும் புதியதையும் ஒரு மாதமாவது பக்கத்துப் பக்கத்தில் ஓட விட்டு, மாதக் கடைசியில் இரண்டின் கடன் பாக்கித் தொகையும் சதம் பிசகாமல் ஒத்துவருகிறதா என்று கணக்குப்பிள்ளையைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஒத்துவரும் வரை பழையதை நிறுத்தாதீர்கள்.